ஆஸ்கல் துரையின் பழுப்புக் குருவி

பாப்பம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் ஆத்துமூலைத் தோட்டத்திலிருந்து லண்டன்வரை போன சீட்டுகளில் அவள் கையெழுத்து இருந்தது. கையெழுத்து என்றால் இரண்டே குறிகள். வட்டத்தின் தோளில் ஓர் அம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பறவை ஆண். வட்டத்தின் அடியில் சிலுவை தொங்கினால் பெண். பறவையின் வயிற்றைத் திறந்து பார்த்து, இரண்டில் ஒன்றைப் பென்சிலால் சீட்டில் போடுவது ஏழெட்டு வருஷமாக அவள் வேலை.

தோட்டம் மலாய் நாட்டுக் கெடா மாநிலத்தில், திகாம் பத்துவிலிருந்து ஜெராய் மலைப்பக்கம் போகும் செம்மண் சாலையில் இருந்தது. துரையின் பெயர் ஹாஸ்கெல். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்கள் வாயில் அது ஆஸ்கல் ஆகிவிட்டது. ரப்பர்ப் பால் ஏறியதா இறங்கியதா என்பதைவிட, காலையில் ஆற்றோரம் கத்தியது என்ன குருவி என்பதில்தான் அவருக்கு நாட்டம். தினமும் துப்பாக்கியோடு போய் இரண்டு மூன்று சுட்டுக்கொண்டு வருவார். அவற்றை உரித்துப் பதப்படுத்த முதலில் சரவாக்கிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார். அவன் ஊர் திரும்பிய பிறகு, பங்களாக் குசினியில் காடை உரித்துக்கொண்டிருந்த பாப்பம்மாவை ஒருநாள் கண்டார். ஓர் இறகு உதிராமல், சட்டையைக் கழற்றுவதுபோல் அவள் தோலை உருவியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாளே அவளைப் பின்னறை வேலைக்கு மாற்றிவிட்டார்.

பின்னறையில் மர அலமாரிகள். இழுப்பறைகள் நிறையப் பறவைகள் மல்லாந்து கிடந்தன, ஆயிரத்துச் சொச்சம். மார்புக்குக் கீழே கீறி உடலை வெளியே எடுக்க வேண்டும். தோலின் உட்புறம் பாஷாண சோப்பைப் பூசி, பஞ்சடைத்துத் தைத்து, காலில் சீட்டுக் கட்ட வேண்டும். எடுத்த உடலைத் தூக்கி எறியும் முன் முதுகெலும்போரம் பார்க்க வேண்டும். இரண்டு வெள்ளை அவரைக்கொட்டை போல இருந்தால் ஆண். இடப்பக்கம் மட்டும் மீன்சினை போல மணிமணியாய் இருந்தால் பெண். இறகின் நிறத்தை நம்பாதே, உள்ளே கண்டதைப் போடு என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதை அவரே ஒருமுறை மீறினார். ஜெராய் அடிவாரத்திலிருந்து இரண்டு பழுப்புக் குருவிகளைக் கொண்டு வந்தார். முதுகு பழுப்பு, மார்பு வெளிறிய காவி, வாலில் மட்டும் துருநிறம். பாப்பம்மா இரண்டையும் திறந்தாள். இரண்டிலும் மணிகள். இரண்டு சீட்டிலும் சிலுவை போட்டாள். மறுநாள் பார்த்தால் ஒன்றில் அவளுடைய சிலுவை அழிக்கப்பட்டு, மையால் அம்பு போடப்பட்டிருந்தது.

"தொரை, ரெண்டும் பொட்டைங்க" என்றாள்.

"இல்ல பாப்பம்மா. நீ சரியாப் பாக்கல" என்றார் துரை. நல்ல தமிழ் பேசுவார். அவள் அடுத்த பறவையை எடுத்துக் கீறினாள். ஐந்தாறு மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அதில் அந்தக் குருவியின் படமும், துரை அதற்கு வைத்த லத்தீன் பெயரும் அச்சாகியிருந்தன. பெயரில் கெடா என்ற மாநிலப் பெயரும் ஒட்டியிருக்கிறது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி வாசித்துச் சொன்னார். உலகத்தில் யாரும் அதுவரை அறியாத பறவையாம். அன்று லயம் முழுக்க ஆட்டுக்கறி போட்டார் துரை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பாப்பம்மா அதற்கு முன் பார்த்ததில்லை.

நாற்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வடக்கே ஜித்ராவைத் தாண்டிவிட்டான் என்ற சேதி வந்ததும் துரை காரில் தெற்கே கிளம்பினார். போகும்போது பின்னறைச் சாவியை அவளிடம் கொடுத்தார். பங்களாவை ஜனங்கள் இரண்டே நாளில் காலி செய்தார்கள். நாற்காலி, தட்டு, திரைச்சீலை, கதவின் பித்தளைப் பிடிகூடப் போயிற்று. பின்னறைப் பக்கம் வந்தவர்களிடம் பாப்பம்மா, "உள்ள பூரா பாஷாணம். தொட்ட கையோட சோறு தின்னா செத்துப் போவீங்க" என்றாள். அது உண்மையும்கூட. ஒருவரும் தொடவில்லை.

*

நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம் இசோகாவா வந்தார். ராணுவ லாரியில் வந்திறங்கினாலும் அவர் ராணுவத்தான் அல்ல. ஜப்பானில் ஏதோ அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பற்றிப் படித்தவர். மூக்குக்கண்ணாடி, ஒல்லியான கழுத்து, இடுப்பில் வாள் கிடையாது. புத்தகத்தில் கற்ற மலாய் பேசினார். பாப்பம்மாவுக்குச் சந்தை மலாய் தெரியும், அவரைத் துவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். இருவருக்கும் நடுவே ஆள் வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தை அப்போது பார்த்துக்கொண்டது பரஞ்சோதி கிராணி. பால் வெட்டு அநேகமாக நின்றுபோய், லயத்துக்காரர்கள் மரத்தடியில் மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்த காலம். பின்னறையைத் திறந்ததும் இசோகாவா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு தோல்பையிலிருந்து பழைய காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அதில் இருந்த படத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பழுப்புக் குருவி.

"இது எங்கே?" என்று கேட்டார்.

மூன்றாவது அலமாரி, கீழிருந்து இரண்டாம் இழுப்பறை. அவள் தேடாமலே எடுத்து வைத்தாள். அவர் இரண்டு தோல்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உரித்தது யார்?"

"நான்தான் துவான்."

"எல்லாவற்றையுமா?"

"ஏழெட்டு வருஷமா வந்ததெல்லாம்."

அவர் அவளை உட்காரச் சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினார். இந்த வகைக் குருவிகளில் ஆணுக்கு முதுகு நீலமாக இருக்கும். பெண் பழுப்பு. ஹாஸ்கெல் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பறவையில் ஆணும் பழுப்பு. அதனால்தான் அது தனி இனம், அதனால்தான் அதற்குத் தனிப் பெயர். எல்லாமே இந்த ஒரு சீட்டின் அம்புக்குறியில்தான் இருக்கிறது. இது ஆண் என்பது நிச்சயமானால் அவர் பினாங்கிலுள்ள மேலிடத்துக்கு எழுதுவார். ஆறு மாதம் தங்கி ஜெராயில் இன்னும் பிடிப்பார். பிடிக்க ஓர் ஆள் வேண்டும், உரிக்க ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு பத்து நாளில் போய்விடுவார்.

"நாளைக்குச் சொல்" என்றார்.

அன்று சாயங்காலம் மரவள்ளிக் கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த புருஷனிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். சின்னையா பால்வெட்டுக்காரன், அதிகம் பேசாதவன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் படம் காட்டுவதாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஜப்பான்காரன் வேலையில் இருப்பவனுக்கு மட்டும் சிவப்பு முத்திரைச் சீட்டு உண்டு. அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள்.

"ஆணுன்னு சொல்லிடு" என்றான் சின்னையா, கிழங்கின் மண்ணைத் தட்டியபடி.

"ஆணு இல்லியே."

"செத்த குருவி பாப்பா. அதுக்கு என்ன வந்துச்சு?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தவிர, முதலில் பொய் போட்டது துரை. அவள் புதிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. மறுநாள் காலை, "ஆண்தான் துவான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். இசோகாவா உடனே மேசைக்குப் போய் ஒரு கடிதம் எழுதினார். எழுதும்போது அவர் உதடு லேசாக அசைந்தது. ஒரு வாரத்தில் சின்னையாவின் பெயருக்குச் சிவப்பு முத்திரைச் சீட்டு வந்தது.

சின்னையா ஆலம்பாலைக் காய்ச்சிப் பசை செய்தான். கிளைகளில் தடவி வைத்துவிட்டு அடிவாரக் காட்டில் நாள் முழுக்கக் காத்திருப்பான். மீன்கொத்தி கிடைத்தது, சிலந்திப்பிடிப்பான் கிடைத்தது, நீலக் குருவிகூட இரண்டு கிடைத்தன. பழுப்புக் குருவி கிடைக்கவில்லை. பஞ்சுக்குப் பதில் இலவம்பஞ்சு அடைத்து அவள் தைத்தாள்.

ஜூலை மாதம் பட்டியல் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆண். பரஞ்சோதி ஆபீஸ் வாசலில் நின்று பெயர்களை வாசித்தார். பட்டியலில் சின்னையாவின் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். "முனியாண்டி" என்றார்.

முனியாண்டி பாப்பம்மாவின் சொந்தத் தம்பி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவன் பெண்டாட்டி மருதம்மாள் கூட்டத்தின் நடுவே பாப்பம்மாவைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், "அண்ணி, அந்த ஜப்பான்கார தொரைகிட்ட இன்னொரு சீட்டு கேளுங்க. குருவி பிடிக்க இவரும் போவாரு, மலாய் பாஷையும் பேசுவாரு" என்றாள்.

பாப்பம்மா கேட்டாள். இசோகாவா எழுதுவதை நிறுத்தாமல், "பிடிக்க ஓர் ஆள் போதும்" என்றார்.

"என் தம்பி துவான்."

"ஓர் ஆளுக்குத்தான் அனுமதி."

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதிகம் கேட்டால் அவர் அதிகம் கேட்பார், கேள்வி அந்த அம்புக்குறிக்கு வந்து நிற்கும் என்று. பேசாமல் திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் லாரி வந்தது. முனியாண்டியோடு இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். மூன்று மாத வேலை என்று சொன்னார்கள். முனியாண்டி துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். அன்றிலிருந்து மருதம்மாள் பாப்பம்மாவிடம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவள் அடுப்பூதுவது இந்தப் பக்கம் கேட்கும்.

*

ஆகஸ்டில் ஒருநாள் சின்னையா பழுப்புக் குருவியைப் பிடித்துக்கொண்டு வந்தான். வாலில் அதே துருநிறம். இசோகாவா நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கையில் பூதக்கண்ணாடி. அதுவரை அவள் வேலை செய்யும்போது அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

அவள் கீறினாள். தோலை உருவி, உடலைத் தட்டில் வைத்து, குடலை ஊசி முனையால் ஒதுக்கினாள். இடப்பக்கம் மஞ்சள் மணிகள் கொத்தாக இருந்தன. முட்டையிடும் பருவம் முடிந்தும் சுருங்கவில்லை, கண்ணாடியே தேவையில்லை.

"ஆணா, பெண்ணா?" என்று கேட்டார் இசோகாவா. குனிந்து பார்க்கும் முன்பே கேட்டார்.

"பெண்" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆமாம்" என்றார். பிறகு, "ஹாஸ்கெலின் பறவை?" என்றார்.

"ரெண்டும் பெண்தான் துவான். நான் சிலுவைதான் போட்டேன். தொரை அழிச்சிட்டாரு."

"என்னிடம் ஆண் என்றாயே."

"ஆமா."

அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கண்ணாடியைத் துணியால் துடைத்து உறைக்குள் போட்டார். "நான் பினாங்குக்கு எழுதிவிட்டேன். அவர்கள் டோக்கியோவுக்கு எழுதிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அவர் காதுகள் சிவந்திருந்தன. அன்று மத்தியானமே பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மறுநாள் முழுக்க அறைக்குள்ளிருந்து ஆணி அடிக்கும் சத்தம். பாப்பம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

பரஞ்சோதிக்குச் சேதி போகாமல் இருக்குமா? அடுத்த பட்டியல் அந்த வாரமே போக வேண்டியிருந்தது. சாயங்காலம் லயத்துப் பக்கம் வந்தவர், வாசலில் நின்றபடி சொன்னார்: "சின்னையா, குருவி வேலை முடிஞ்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன். மாத்துறதுக்கு என் கையில ஒண்ணுமில்ல. எண்ணிக்கை குறைஞ்சா என் பேரைத்தான் எழுதுவான். வெள்ளிக்கிழமை லாரி." அவர் பொய் சொல்லவில்லை என்பது பாப்பம்மாவுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் அவர் தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது.

சின்னையா உள்ளே போய்க் கத்தியைத் தீட்டத் தொடங்கினான். பால் வெட்டே நின்றுபோன நாளில் பால்கத்தியைத் தீட்டுவானேன் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் பங்களாவுக்குப் போனாள். பாதி அலமாரி காலியாகியிருந்தது. இசோகாவா வராந்தாவில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நேரே பின்னறைக்குள் நுழைந்தாள். மிச்சமிருந்த இழுப்பறைகளையும், ஆணி அடிக்காத பெட்டிகளையும் திறந்து, ஒவ்வொன்றாகத் தோல்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். அவர் துண்டோடு உள்ளே வந்தபோது பதினொன்று இருந்தன.

"என்ன இது?"

"இதெல்லாம் தப்பு துவான்" என்றாள். முதல் தோலைத் தொட்டாள். "இந்த மரங்கொத்தி. மழை நாள்ல உரிச்சேன், வெளிச்சம் இல்ல. அம்பு போட்டுட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. தொரைகிட்ட சொல்லல." அடுத்த இரண்டைத் தொட்டாள். "இது ரெண்டும் சீட்டு மாறிப் போச்சு. இது மெர்போக் ஆத்துல சுட்டது, சீட்டுல மலைன்னு இருக்கும். தையல பாருங்க, சேத்துத்தண்ணி பட்ட இடத்துல நூலு கறுத்துப் போயிருக்கு." இப்படியே பதினொன்றுக்கும் சொன்னாள். மூன்று அவளுடைய தவறு. நான்கு துரை கைமறதியாய்ச் சீட்டை மாற்றிக் கட்டியது. மிச்சம் சரவாக் ஆள் செய்தது.

இசோகாவா ஒவ்வொன்றையும் எடுத்துச் சீட்டை வாசித்தார். மெர்போக் பறவையை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் தையலைப் பார்த்தார். "இதை ஏன் இன்று சொல்கிறாய்?" என்றார்.

"என் புருஷன் பேரு லிஸ்ட்ல வந்திருச்சு. வெள்ளிக்கிழமை லாரி."

அவர் அவளையே பார்த்தார். இந்த முறை அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நீங்க இப்படியே பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனா, எது சரி எது தப்புன்னு அங்க யாருக்கும் தெரியாது துவான். எனக்குத்தான் தெரியும்."

"இன்னும் எத்தனை இருக்கிறது?"

"எல்லாத்தையும் எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

உண்மையில் அவளுக்கு நினைவிருந்த தவறுகள் அந்தப் பதினொன்றுதான். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இசோகாவா பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்தார். ஈரத்துண்டு இன்னும் தோளில் கிடந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து மேசைக்குப் போய் எழுதத் தொடங்கினார். இரண்டு தாளைக் கிழித்தார். மூன்றாவதில் முத்திரை குத்தினார். என்ன எழுதினார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. பிற்பாடு அவரே சொன்னார்: தான் முன்பு அனுப்பிய தகவல் தவறு, தீர விசாரிக்காமல் எழுதியது தன் குற்றம், சேகரம் முழுவதையும் மறுபடி சரிபார்க்காமல் நகர்த்த முடியாது, அதற்கு இங்குள்ள இரண்டு பேரும் வேண்டும். அப்படி எழுதியது அந்த மனிதனுக்கு லேசான காரியமாக இருந்திருக்காது. வியாழக்கிழமை பதில் வந்தது. வெள்ளிக்கிழமை லாரி சின்னையா இல்லாமல் போனது. அவன் இடத்தில் வேறொருவன் ஏறினான். அவன் யார் என்று பாப்பம்மாவுக்குத் தெரியும். அவன் வீட்டுப் பக்கம் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

*

பெட்டிகளின் ஆணிகள் பிடுங்கப்பட்டன. நாளுக்கு இருபது தோல். அவர் சீட்டை வாசிப்பார். அவள் தையலைப் பார்த்து, தடவிப் பார்த்து, எந்த மழைக்காலத்தில் எங்கே வந்தது என்று சொல்வாள். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்பாள். அப்போது அவர் வட்டம் மட்டும் போட்டு, அம்பும் சிலுவையும் போடாமல் விடுவார். பதினொன்றுக்குமேல் இருக்காது என்று நினைத்திருந்தவளுக்கே ஆச்சரியம், இன்னும் ஒன்பது தவறுகள் கிடைத்தன.

வேலைக்கு நடுவே இசோகாவா சில சமயம் பேசுவார். பறவைகளுக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர்களைப் பற்றி. அவர்களில் பலர் இந்தக் காட்டைப் பார்த்ததே இல்லையாம். கப்பலில் உப்புக்காற்றுப் பட்டுக் காய்ந்து வந்த தோலை மேசைமேல் வைத்து, அலகை அளந்து, நிறத்தை எழுதி, பெயர் வைத்தார்களாம். ஆணுக்கு ஒரு பெயர், அதன் பெண்ணுக்கு வேறு பெயர், குஞ்சுக்கு இன்னொரு பெயர் என்று ஒரே பறவைக்கு மூன்று பெயர்கூட உண்டாம்.

"அப்புறம்?" என்றாள் பாப்பம்மா.

"அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். எது முதலில் அச்சானதோ அந்தப் பெயர் நிற்கும். மற்றவை அதன் கீழே சிறிய எழுத்தில் போகும்."

"தொரை வெச்ச பேரு?"

"சிறிய எழுத்தில்."

"அழிச்சிட மாட்டீங்களா?"

"அழிப்பதில்லை. தவறு என்று தெரியும்படி வைத்திருப்போம்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். ஆஸ்கல் துரை பொய்க்காரர் அல்ல. எட்டு வருஷத்தில் அவர் ஆட்களின் சம்பளத்தில் கை வைத்ததில்லை, யார்மேலும் கை நீட்டியதில்லை. ஜெராய் அடிவாரத்தில் எந்தக் குருவி எந்த மாதம் கூடு கட்டும் என்று அவர் எழுதி வைத்ததெல்லாம் சரியாக இருக்கிறது என்று இசோகாவாவே சொன்னார். ஆந்தைகளைப் பற்றி அவர் எழுதியதைத் தான் அப்படியே எடுத்துக்கொள்ளப்போவதாகவும் சொன்னார். அந்த ஒரு குருவியில் மட்டும் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. தனக்கு வந்தது ஆசை அல்ல, பயம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டுக்கும் விழுந்த குறி அதே அம்புதான்.

அக்டோபரில் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்ற சேதி வந்தது. அதே வாரத்தில் ரயில் பாதையும் முடிந்துவிட்டதாக ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். இசோகாவாவைப் பினாங்குக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். சரிபார்க்க இன்னும் நூறு தோல்போல மிச்சம் இருந்தது. கடைசி நாள் அவர் தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவளுடைய முழுப் பெயரைக் கேட்டார்.

"எதுக்கு துவான்?"

"இந்தப் பறவை ஆணா பெண்ணா என்று சொன்னது யார் என்று எழுத வேண்டும். அது நானும் இல்லை, ஹாஸ்கெலும் இல்லை."

"பாப்பம்மா" என்றாள். "ஆத்துமூலைத் தோட்டம்."

அவர் நான்கைந்து கோணல் எழுத்துகளில் அதை எழுதினார். அது தன் பெயர்தானா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. எட்டுப் பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். அவர் குனிந்து வணங்கினார். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவளும் குனிந்தாள். காலி அறையைப் பெருக்கித் தள்ளியபின் பரஞ்சோதி அதில் மரவள்ளி மூட்டைகளை அடுக்க வைத்தார். பாஷாணம் என்று பாப்பம்மா எடுத்துச் சொன்ன பிறகு மூட்டைகளை வேறிடத்துக்கு மாற்றினார்.

பெட்டிகள் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தனவா, வழியில் கடலில் மூழ்கினவா என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்கல் துரை சுமத்ராவில் சிறைமுகாமில் இறந்துபோனார் என்பது சண்டை முடிந்தபின் வந்த சேதி.

*

மூன்று மாதம் என்று சொன்ன வேலைக்குப் போனவர்கள் இரண்டு வருஷமாகியும் திரும்பவில்லை. ஜப்பான்காரன் சரணடைந்து சில வாரங்கள் கழித்து, சயாமிலிருந்து ஆட்களை ரயிலில் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் பெண்கள் கூட்டமாய் நின்றார்கள். மருதம்மாள் வந்திருந்தாள். பாப்பம்மாவும் போனாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தள்ளித் தள்ளி நின்றார்கள். முதல் ரயிலில் ஆத்துமூலை ஆட்கள் ஒருவரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது முறை நடந்து போகும்போது தானாகவே இருவரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். நின்றதும் ஒரே தூணருகே.

நான்காவது ரயிலில் பக்கத்து லயத்து முத்தையன் இறங்கினான். அவன்தான் என்று குரலை வைத்துத்தான் கண்டுகொள்ள முடிந்தது. காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. மருதம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள். 

"பேதி கண்டுச்சு தங்கச்சி" என்றான் முத்தையன். "நாங்க அங்க போயி மூணாம் மாசமே. எங்க முகாம்ல அன்னிக்கி ஒரு நாள்ல பதினாறு பேரு. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

முத்தையன் யோசித்தான். "தண்ணி கேட்டாரு" என்றான். 

மருதம்மாள் அழவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாப்பம்மா கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூணாம் மாசம் என்றால் ஜூலையில் போனவன் அக்டோபரில். அந்த மாதம்தான் அவள் இசோகாவாவிடம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றாள் பாப்பம்மா. "ஒரு தடவைதான் கேட்டேன். பயமா இருந்துச்சு. நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன், அது வெளிய வந்துருமோன்னு."

மருதம்மாள் தண்டவாளத்தைப் பார்த்தபடி, "என்ன பொய்?" என்றாள்.

பாப்பம்மா சொன்னாள். குருவி, அம்பு, சிலுவை, துரை அழித்தது, தான் சொன்னது, எல்லாம் சொன்னாள். சொல்ல வெகுநேரம் பிடித்தது. ரயில் கிளம்பிப் போயிற்று. கூட்டம் கலைந்தது. முத்தையனை யாரோ மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பானா?" என்றாள் மருதம்மாள்.

"தெரியல. குடுத்திருக்க மாட்டான்னுதான் தோணுது. ஆனா தெரியல."

மருதம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். திகாம் பத்துவரை நடக்க வேண்டும், அங்கிருந்து தோட்டத்துக்கு.

"எந்திரிங்க அண்ணி" என்றாள். "மழை வர்ற மாதிரி இருக்கு."